பக்கக் கண்ணாடிக்காக ஒரு கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்குள் வருகிற எந்த இரும்புக்கும் முதலில் எண்ணெய்க் குளியல்தான். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிக் குடியிருக்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். புது அரிவாளோ, பூட்டோ, சைக்கிளோ, தையல் மெஷினோ, வந்த அன்றே அம்மா ஒரு பழந்துணியில் தேங்காயெண்ணெயைத் தொட்டு மூலை முடுக்கெல்லாம் தடவிவிடுவாள். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் அதைப் புழங்கலாம். என் கல்யாணத்துக்கு வந்த பீரோவின் உள்பக்கத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. என் மனைவியின் முகூர்த்தப் புடவையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இங்கே வீசுகிற காற்று அப்படி. கோடையில் உப்பளப் பக்கமிருந்து காற்று திரும்பினால் உதட்டை நக்கிப் பார்த்தாலே கரிக்கும். வாசல் கேட்டின் கீல் கையோடு வரும். ஃபேன் இறக்கையின் ஓரமெல்லாம் பொரிந்து போகும். ஃப்ரிட்ஜின் கால்கள் துருவில் கரைந்துபோய், இப்போது அது செங்கல் மேல் நிற்கிறது. அப்பா குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பு விளைவிக்கிறவர். விளைகிற உப்புக்காகச் சந்தோஷப்படுவதும், வீட்டுக்குள் வருகிற உப்பைத் திட்டுவதும் எங்கள் குடும்பத்தில் ஒரே வாயால் நடக்கும்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் என் மனைவி, ஒரு கேமிங் கம்ப்யூட்டர் செய்யப் போகிறேன் என்றாள். வாங்கப் போகிறேன் என்றுகூட இல்லை. ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்து வாங்கி, வீட்டிலேயே தன் கையால் பூட்டப் போகிறாளாம்.

“உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்குது?” என்றேன். நான் அப்படித்தான். முதலில் கத்துவேன், அப்புறம்தான் யோசிப்பேன். புதுச்சேரியில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் பல்லைக் காட்டி, பொறுமையெல்லாம் அங்கேயே தீர்ந்துபோய்தான் வீட்டுக்கு வருவேன்.

“பைத்தியம்னே வச்சிக்கோங்க. ஆனா இந்த வாட்டி உப்ப ஜெயிக்க விடமாட்டேன்” என்றாள்.

இந்த வாட்டி என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவள் பொம்மையார்பாளையத்துப் பெண். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு, இப்போது எங்கள் ஊரில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி வரும்போது ஒரு லேப்டாப் கொண்டுவந்தாள். கத்தாரில் குடோன் வேலையில் இருக்கும் அவளுடைய அண்ணன், முதல் தடவை லீவில் வந்தபோது வாங்கிக் கொடுத்தது. அதில்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அண்ணனும் தங்கச்சியும் லாரி ஓட்டுவார்கள்.

ஆமாம், லாரிதான். சுடுவது, குத்துவது, குதிப்பது எதுவும் இல்லாத விளையாட்டு. ஆளுக்கொரு லாரியில் சரக்கை ஏற்றிக்கொண்டு, மலையும் காடுமாக ஏதோ ஒரு வெளிநாட்டு ரோட்டில் மணிக்கணக்காகப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவன் அங்கே ஓட்டுவான், இவள் இங்கே ஓட்டுவாள், இரண்டு பேர் திரையிலும் இரண்டு லாரியும் தெரியும். இதில் என்ன சுகம் என்று எனக்கு முதலில் விளங்கவேயில்லை. அவர்களுடைய அப்பா லாரி டிரைவர், இப்போது உயிரோடு இல்லை. சின்ன வயதில் லீவு நாட்களில் இரண்டு பேரையும் முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார். இண்டிகேட்டர் போடாமல் வண்டியைத் திருப்புகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாதாம். அதனால் விளையாட்டில்கூட, சுற்றிலும் ஒரு ஈ காக்கா இல்லாத ரோட்டில்கூட, மச்சான் இண்டிகேட்டர் போடாமல் திரும்ப மாட்டான். வலது கையால் வண்டியைத் திருப்பிக்கொண்டே, இடது கையால் அந்தப் பட்டனைத் தட்டிவிடுவான்.

விஷயம் லாரி இல்லை, பேச்சு. மச்சானைப் போல ஒரு ஊமைக்கோட்டானை நான் பார்த்ததில்லை. போன் செய்தால், நல்லா இருக்கியா என்றால் “ம்”. சாப்பிட்டாயா என்றால் “ம்”. அப்புறம் “அம்மாவ பாத்துக்க. வச்சிடறேன்.” அவ்வளவுதான். ஆனால் அந்த லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அதே மனுஷன் மடை திறந்த மாதிரி பேசுவான். ரூமில் கூட இருப்பவனின் குறட்டை, சூப்பர்வைசரின் தொப்பி, வெயிலில் உருகிய செருப்பு, ஊருக்கு வந்து ஒரு கடை போட வேண்டும் என்கிற ஆசை, பெண் பார்ப்பதைப் பற்றிய வெட்கம், எல்லாம் வரும். கண் ரோட்டில் இருக்கும்போதுதான் அவனுக்கு வாய் திறக்கும் போல. அடுப்படியில் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் நின்று கேட்டு, இவனா அவன் என்று நான் வாயைப் பிளந்திருக்கிறேன்.

அந்த லேப்டாப் இங்கே வந்த முதல் கோடையிலேயே செத்துப்போனது. சர்வீஸ்காரர் பின்பக்கத்தைக் கழற்றிக் காட்டினார். போர்டு முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. “உப்பு தின்னுடுச்சி மேடம், ஒண்ணும் பண்றதுக்கில்ல” என்று கையை விரித்துவிட்டார். அன்றைக்கு அவள் அழவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பைக்கின் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் வெறும் போன்தான். பொங்கலுக்கு அப்புறம் அந்த “ம்” கூடச் சுருங்கிப்போனது. வீடியோ காலுக்கு வரமாட்டேன் என்றான். கேட்டால் நெட் சரியில்லை என்றான். அவனுடைய அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை. என் மனைவிக்கு வந்துவிட்டது.

“அண்ணன் எதயோ மறைக்கறான்” என்றாள்.

“வேலைல டென்ஷனா இருக்கும். ஆம்பளைங்க அப்படித்தான், விடு.”

“எங்க அண்ணன எனக்குத் தெரியுங்க. போன்ல கேட்டா சாவற வரைக்கும் சொல்ல மாட்டான். வண்டி ஓட்டும்போதுதான் சொல்லுவான்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு வேண்டியது விளையாட்டு இல்லை, அண்ணனிடம் போய்ச் சேருவதற்கு ஒரு வழி. இருந்த ஒரு வழியையும் எங்கள் ஊர்க் காற்று தின்றுவிட்டது. அதற்கப்புறம் நான் பைத்தியம் என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

பாகங்களைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தாள். அடேயப்பா, அந்த அழகை நான் எப்படிச் சொல்வேன்! எங்கள் கடைக்கு டைல்ஸ் வாங்க வருகிறவர்கள் முதலில் கலரைப் பார்ப்பார்கள், பூவைப் பார்ப்பார்கள், எதிர்வீட்டில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். நூறு பேரில் ஒருத்தர்தான், தண்ணீர் பட்டால் வழுக்குமா என்று காலை வைத்துப் பார்ப்பார். என் மனைவி அந்த ஒருத்தர் வகை. தனக்கு என்ன வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

அவளுக்கு வேண்டியது லாரியின் பக்கக் கண்ணாடி.

விளையாட்டில் லாரிக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி உண்டு. பின்னால் வருகிற வண்டிகள் அதில் தெரியும். ஆனால் முன்னால் இருக்கிற ரோட்டையும் காட்டி, பின்னால் வருவதையும் அதே நேரத்தில் கண்ணாடிக்குள் காட்டச் சொன்னால் அந்தப் பழைய லேப்டாப் திணறிவிடும். அதனால் அவள் கண்ணாடிகளை அணைத்துவிட்டுத்தான் ஓட்டியிருக்கிறாள். பின்னால் வருகிறவனைப் பார்க்க முடியாதவள் முன்னால் போக முடியுமா? எப்போதும் அண்ணன் வண்டி முன்னே, இவள் வண்டி பின்னே.

“ரெண்டு கண்ணாடியும் பளிச்சுனு தெரியணும். அதுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு வேணுமோ அதுதான் மொதல்ல. மத்ததெல்லாம் அதுக்கு ஏத்தாப்ல” என்றாள்.

படத்தை வரைந்து திரைக்கு அனுப்புகிற வேலை அந்த கிராபிக்ஸ் கார்டுடையது. அதை முடிவு செய்த பிறகு, அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்கிற ஒரு ப்ராசஸர். “இதுக்கு மேல போனா வீண் பந்தா, இதுக்குக் கீழ போனா கார்டு சும்மா உக்காந்திருக்கும்” என்றாள். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாம், அசையாத எஸ்எஸ்டி போதும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. எங்கள் ஊரில் மின்சாரம் வருகிற லட்சணம் அவளுக்குத் தெரியும். காய் நறுக்கிக்கொண்டே போனில் வீடியோ பார்ப்பாள். ஒருத்தர் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்த மதர்போர்டை இன்னொருத்தர் காறித் துப்புவார். இரண்டு பேரையும் கடைசி வரை கேட்டுவிட்டு, “ரெண்டு பேருமே கடலோரத்துல குடியிருக்கல” என்று போனைக் கவிழ்த்து வைப்பாள்.

நானும் என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். டைல்ஸ் கடையில் எங்கள் முதலாளி மகனின் கம்ப்யூட்டரை ஒருதரம் பார்த்திருக்கிறேன். உள்ளே விசிறியெல்லாம் சிவப்பும் நீலமுமாகச் சுற்றி, மாரியம்மன் கோயில் திருவிழா மாதிரி இருந்தது.

“கலர் லைட்டு போட்டது வாங்கலாமே” என்றேன்.

“லைட்டு எரிஞ்சா கண்ணாடி நல்லா தெரியுமா?”

“தெரியாது. பாக்க அழகா இருக்கும்ல?”

“அழகா இருக்கறதுக்குத்தான் நான் இருக்கறனே” என்றாள்.

அவள் ரொம்ப நாள் யோசித்தது கேபினெட்டைப் பற்றித்தான். கேபினெட் என்பது எல்லாப் பாகத்தையும் உள்ளே பூட்டி வைக்கிற இரும்புப் பெட்டி. மற்ற ஊர்க்காரர்கள் கடைசியாக, மிச்சமிருக்கிற காசில் வாங்குவது. இவள் அதைத்தான் உயிர்நாடி என்றாள். முன்பக்கம் நெருக்கமான வலை இருக்க வேண்டும், அதைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும், மேல்பக்கம் ஓட்டையே இருக்கக் கூடாது. அதோடு, காற்றை உள்ளே இழுக்கிற விசிறிகள் அதிகம், வெளியே தள்ளுகிற விசிறி குறைவு. எனக்கு மண்டையில் ஏறவில்லை.

“சூடு வெளிய போவணும்னா வெளிய தள்ளற ஃபேன்தானே அதிகம் வேணும்?” என்று எகிறினேன்.

அவள் அடுப்பில் இருந்த இட்லிப் பானையைக் காட்டினாள். “உள்ள இருந்து ஆவி தள்ளிக்கினே இருக்குதுல்ல? இப்போ மூடி இடுக்குல வெளிக்காத்து உள்ள வருமா?”

“வராது.”

“அதேதான். வலை வழியா வடிகட்டி நெறய காத்த உள்ள இழுத்தா, மத்த இடுக்குலல்லாம் காத்து வெளிய தள்ளிக்கினேதான் இருக்கும். உப்பு எந்த சந்துல உள்ள வரும்?”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இட்லியை நான் அன்றைக்கு மிகுந்த மரியாதையோடு சாப்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்குப் போனோம். நான் விசாரித்து வைத்திருந்த கம்ப்யூட்டர் கடை. உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் என்னைப் பார்த்து, “சொல்லுங்க சார், என்ன பட்ஜெட், என்ன கேம் ஆடுவீங்க?” என்றார்.

“எனக்கு சீட்டுக்கட்டுகூட ஆடத் தெரியாது. மேடத்தக் கேளுங்க” என்றேன்.

அவர் அவளைப் பார்த்தார், சிரித்தார், மறுபடி என்னைப் பார்த்து, “வீட்டு யூஸுக்குன்னா நாங்களே செட் பண்ணி வச்சிருக்கோம் சார், லைட்டெல்லாம் சூப்பரா இருக்கும்” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறப்பதற்குள் அவள் என் முழங்கையை அழுத்தினாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். குரலை உயர்த்தவேயில்லை. இந்தக் கார்டின் பின்தகடு என்ன உலோகம், இந்த மதர்போர்டில் பாதுகாப்புப் பூச்சு உண்டா, இந்தக் கேபினெட்டில் வலையை மட்டும் தனியாகக் கழற்ற வருமா, கழற்றிக் காட்டுங்கள். கடைக்காரர் கழற்றிக் காட்டினார். அவள் அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். உப்பளத்தில் அப்பா கல்லுப்பைக் கையில் அள்ளி வெயிலுக்கு நேராகப் பார்க்கிற மாதிரியே இருந்தது. “ஓட்ட பெருசா இருக்குது. வேற காட்டுங்க” என்றாள்.

“எந்த ஊரு மேடம் நீங்க?” என்றார் அவர்.

“மரக்காணம். உப்பளத்துக்குப் பக்கத்துல.”

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். “மேடம், மொதல்லயே சொல்லிடறேன். துரு புடிச்சா கம்பெனி வாரண்டி கெடையாது. திருப்பிக் கொண்டாந்தீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“தெரிஞ்சிதான் வந்திருக்கறேன்” என்றாள்.

அதற்கப்புறம் அந்த மனிதர் மாறிவிட்டார். கல்லாவை விட்டு எழுந்து வந்து, மேல் தட்டிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார். ஒரு பழைய மாடல் கேபினெட், கறுப்பு, பார்க்க அரிசி டப்பா மாதிரி இருந்தது. யாரும் வாங்காமல் தூசி படிந்து கிடந்தது. அதன் வலை தாவணித் துணி அளவுக்கு நெருக்கம். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! நகைக்கடையில்கூட நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. கிளம்பும்போது கடைக்காரர், “ஓடினா ஒரு போன் பண்ணுங்க மேடம். நானும் தெரிஞ்சிக்கறேன்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை பூட்டுவதாக இருந்தது. காலையில் உள்ரூம் கட்டிலில் சுத்தமான போர்வை விரித்து, சில பெட்டிகளைப் பிரித்து, கார்டையும் ரேமையும் கேபினெட்டையும் சரிபார்த்து வைத்தாள். என்னைக் கிட்டவே விடவில்லை. அதற்குள் சித்தப்பா வீட்டு வளைகாப்புக்கு நேரமாகிவிட்டது. முட்டிவலி என்று அம்மா வரவில்லை. நாங்கள் மட்டும் போய்விட்டு மத்தியானம் திரும்பினோம்.

உள்ரூமுக்குள் நுழைந்ததும் தேங்காயெண்ணெய் வாசனை.

கட்டிலில் எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது. கேபினெட் பளபளவென்று மின்னியது. ஸ்குரூக்கள் ஒரு கிண்ணத்தில் மின்னின. கிராபிக்ஸ் கார்டும் மின்னியது. பக்கத்தில் அம்மா துணியை மடித்துக்கொண்டு, நல்ல காரியம் முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“எல்லாத்துக்கும் தடவிட்டேன்மா. இதோ, தங்கக் கலர்ல பல்லு மாதிரி இருக்குதே, அதுதான் மொதல்ல துருப்புடிக்கும்னு அதுக்கு மட்டும் ரெண்டு வாட்டி தடவனேன்” என்றாள்.

அந்தப் பல்தான் கார்டு மதர்போர்டில் போய்ச் செருகுகிற இடம். மின்சாரமும் படமும் பாய்வதே அதன் வழியாகத்தான். ரேமின் பற்களையும் விட்டுவைக்கவில்லை.

நான் சாமி வந்தவன் மாதிரி ஆடித் தீர்த்துவிட்டேன். “ஐயோ, உன்ன யாரு தொடச் சொன்னது? இன்னா அரிவாள்னு நெனச்சியா? எல்லாம் போச்சு!” என்று வீடே அதிரக் கத்தினேன். அம்மா முகம் சின்னதாகிப்போனது. “உப்புக் காத்துல வெறும் இரும்ப அப்படியே உட்டு வைப்பாங்களாடா?” என்றாள்.

என் மனைவி கைப்பையைக் கீழே வைத்தாள். பட்டுப்புடவையோடு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “அத்த, எதெதுக்குத் தடவனீங்க? ஒண்ணொண்ணா காட்டுங்க” என்றாள். அம்மா விரலை நீட்டிக் காட்டினாள். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். “மெடிக்கல்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் காது குடையற பட்ஸும் வாங்கிட்டு வாங்க” என்று என்னிடம் சொன்னாள். கத்திய வாயோடு நான் ஓடினேன்.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவள் துடைத்தாள். பட்ஸை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு பல்லாக, ஒவ்வொரு இடுக்காக. அம்மாவைச் சும்மா உட்கார விடவில்லை. செல்போன் டார்ச்சை அவள் கையில் கொடுத்து, “இந்தப் பக்கம் காட்டுங்க அத்த, கொஞ்சம் சாச்சி” என்று வேலை வாங்கினாள்.

“கெட்டுப் போச்சாம்மா?” என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள்.

“இல்ல அத்த. தேங்காண்ணெயில கரண்டு பாயாது, எரிஞ்சி போறதுக்கு ஒண்ணுமில்ல. தொடச்சிட்டா சரியாப் போயிடும்.”

அம்மா எழுந்து போனதும், “நெசமாவே சரியாப் போயிடுமா?” என்று நான் கேட்டேன். “தெரியல. ஓடினாதான் தெரியும்” என்றாள். சொல்லிக்கொண்டே அடுத்த பட்ஸை ஸ்பிரிட்டில் நனைத்தாள். அந்தப் பாகங்கள் போனால் மறுபடி வாங்க எங்களால் இப்போதைக்கு முடியாது. அண்ணனிடம் போகிற வழி மறுபடி அடைபட்டுவிடும். அது தெரிந்தும் அவள் என் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கட்டிய பெண்ணை எண்ணி எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது; பெற்ற மகன் நான் கத்தியதை எண்ணி வெட்கமாகவும் இருந்தது.

கேபினெட்டின் சட்டத்திலும் ஸ்குரூக்களிலும் இருந்த எண்ணெயை மட்டும் அவள் துடைக்கவில்லை. “இது இருக்கட்டும். வெளி இரும்புக்கு இது நல்லதுதான்” என்று அம்மாவுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டினாள். ப்ராசஸரை அதன் இடத்தில் பூப்போல வைத்தாள். ரேம் டக்கென்று உட்கார்ந்தது. கடைசியில் கார்டு. அப்பா உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவாமல் வாசல்படியிலேயே நின்று பார்த்தார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். என் மனைவி பட்டனை அழுத்தினாள். விசிறிகள் சுற்றின, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அவள் அணைத்துவிட்டு, ரேமைக் கழற்றி, இன்னொருதரம் ஸ்பிரிட்டில் துடைத்து, காயவிட்டு, மறுபடி பூட்டி அழுத்தினாள். திரையில் எழுத்து வந்தது. அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து அவள் முகத்தை வழித்துத் திருஷ்டி முறித்தாள். நான் ஏதோ சாதித்தவன் மாதிரி கடைக்காரருக்குப் போன் செய்து சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கடையில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மச்சானுக்கு முதலிலேயே சொல்லியிருந்தாள். முதலில் வேண்டாம், தலைவலிக்குது, அடுத்த வாரம் என்று மழுப்பியிருக்கிறான். விடவில்லை இவள். நாங்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். பேச்சுச் சத்தம் கேட்டு, வெளியே இருந்த அம்மாவும் வந்து கதவோரம் நின்றாள்.

“பாப்பா, புது வண்டியா?” என்று அவன் குரல் வந்தது. எத்தனை மாதம் கழித்து, ஒரு முழு வாக்கியம்!

“ஆமாண்ணா. இன்னைக்கு நான்தான் முன்னாடி. நீ பின்னாடி வா” என்றாள்.

கிளம்பினார்கள். ரோட்டோரம் மரமெல்லாம் இலை இலையாகத் தெரிந்தது. லாரியின் இரண்டு பக்கக் கண்ணாடியும் கழுவித் துடைத்த மாதிரி இருந்தன. அதற்குள் மச்சானின் சிவப்பு லாரி, நம்பர் பிளேட்டோடு. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். என் தோளைத் தட்டி, விரலால் காட்டினாள். உப்பளமும் காற்றும் துருவும் எல்லாம் தோற்றுப்போய், அண்ணன் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் வந்துகொண்டிருந்தான். அவனும் பேச ஆரம்பித்தான். குறட்டைக்காரன் ரூம் மாறிப் போய்விட்டானாம், அந்தக் குறட்டை இல்லாமல் இப்போது தூக்கம் வரவில்லையாம். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

ஒரு சந்திப்பு வந்தது. அவள் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினாள். அவனும் பின்னால் திரும்பினான். இன்னொரு சந்திப்பு. அதிலும் திரும்பினான். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடியையே பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டினாள். அடுத்த திருப்பத்தில் அவன் வண்டி லேட்டாகத் திரும்பி, ஓரத்து வேலியை உரசிக்கொண்டு வந்தது.

“அண்ணா” என்றாள்.

“ம்.”

“நீ ஏன் இண்டிகேட்டரே போட மாட்டேங்கற?”

கண்ணாடியில் அவன் வண்டி வேகம் குறைந்து பின்தங்கியது.

“உன் கைக்கு இன்னா ஆச்சி?”

ரோடு போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் அவன் முன்னாலேயே பார்த்துக்கொண்டு பேசுகிற குரலில் சொன்னான். “குடோன்ல பெட்டி உழுந்துடுச்சி பாப்பா. இடது கை. பொங்கலுக்கு முன்னாடி. கட்டு பிரிச்சிட்டாங்க, ஆனா விரலு மடங்கல. ஒத்தக் கையிலதான் ஓட்டறேன். அம்மாகிட்ட சொல்லிடாத. விரலு மடங்கலன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிடுவாங்களோன்னு பயமா இருக்குது.” சொல்லச் சொல்ல அவன் குரல் உடைந்தது. இத்தனை மாதமும் ஒற்றை “ம்”முக்குள் அவன் அதை அடக்கி வைத்திருந்திருக்கிறான்.

அவள் அழவில்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணீர் தாடையில் இறங்கியது, துடைக்கக் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. கதவோரத்திலிருந்து என் அம்மா, “வரச் சொல்லும்மா. கை இல்லாட்டி இன்னா, சோறு போட நாம இல்லையா? வரச் சொல்லு” என்றாள். அது அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

எதிரே இன்னொரு சந்திப்பு தெரிந்தது. அவள் பிரேக் பட்டனை அழுத்தி வேகத்தைக் குறைத்தாள்.

“நான் மெதுவா போறேண்ணா. அவசரம் ஒண்ணும் இல்ல. வலது கையால போடு, நான் நிக்கறேன்” என்றாள்.

நாங்கள் எல்லாரும் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, அதற்குள் மஞ்சள் விளக்கு மினுக்கத் தொடங்கியது.

“தெரியுதா பாப்பா?” என்றான்.

“தெரியுதுண்ணா” என்றாள்.